அடிபிடிக்காத அடுப்பு

வாங்க என் செல்லங்களே, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கைவேலை இருந்தால் மடியில் வைத்துக்கொண்டே கேளுங்கள், காதை மட்டும் எனக்குக் கொடுத்தால் போதும். நல்ல கதை ஒன்று வைத்திருக்கிறேன். போன வாரம் பாதியில் விட்டதற்காக நாலு பேர் என்னைத் திட்டிக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு பேரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று எனக்கு நிம்மதி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது இன்றைய கதையிலேயே தெரிந்துவிடும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாளி தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவன். சேர்ந்த முதல் நாள், வண்டியில் குழாய் இருப்பதையே மறந்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பெயர் ஒட்டிக்கொண்டது. அவனோடு ஒரே வண்டியில் போகிறவள் ஏணி. அவள் உயரத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் வைக்கத் தோன்றவில்லை.

அந்த நிலையத்தில் இரண்டு வருஷமாக ஒரு புது வேலை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு, தீ வருவதற்கு முன்பே இவர்கள் போய்வருகிறார்கள். எப்போதும் இரண்டு பேர். ஒருவர் மேலே பார்ப்பார்: கூரையில் புகை அலாரம், சுவரில் மின்சாரக் கம்பி. இன்னொருவர் கீழே பார்ப்பார்: அடுப்பு, நடைவழி, அப்புறம் அந்த மனிதர். தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, கடைசியாக எப்போது வெளியே போனீர்கள் என்று ஒரு அட்டையில் ஆறு கேள்வி. வைத்தியம் பார்ப்பது இவர்கள் வேலை இல்லை. கண்ணில் பட்டதை, வீட்டுக்காரர் சரி என்றால் மட்டும், முதியோர் மனநல மருத்துவமனைக்குச் சொல்வார்கள். வேறு யார் தட்டினாலும் திறக்காத கதவு, தீயணைப்புச் சட்டையைப் பார்த்தால் திறக்கிறதே, அதனால்தான் இந்த ஏற்பாடு.

எல்லாம் சரியாக இருந்தால் கதவில் ஒரு பச்சைச் சீட்டு ஒட்டுவார்கள்.

சொந்தக்காரர் வீட்டைத் தானே பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. வாளி போன வருஷம் அதை மீறினான். "எங்க அம்மா வீடு எனக்குத் தெரியாதா?" என்று ஒற்றை ஆளாகப் போய்ப் பச்சைச் சீட்டு ஒட்டிவிட்டு வந்தான். வருஷம் திரும்பியது. மறுபடி பார்க்க நேற்று இன்னொருவரோடு ஏணி போனாள். போனவள் அந்தச் சீட்டை உரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த இடத்தில்தான் விட்டேன். சரி, கதைக்குள் போவோம்.

*

காலை எட்டு மணி. நிலையத்தின் பின்பக்கம் நனைந்த குழாய்களை ஏணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வாளி எதிரில் வந்து நின்றான்.

"எங்க அம்மா வீட்டுல அப்படி என்ன குத்தம் கண்டுபிடிச்ச?"

"குத்தம் ஒண்ணும் இல்ல."

"பின்ன சீட்டை எதுக்கு உரிச்ச?"

ஏணி கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "போன வருஷம் நீ எழுதினது. படிக்கிறேன், கேளு. 'எல்லா பிளக்கும் கழற்றப்பட்டுள்ளது. அடுப்பு மிகவும் சுத்தம். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. மற்ற வீடுகளுக்கு இது முன்மாதிரி.'"

"சரியாத்தானே எழுதியிருக்கேன்?"

"ஃபிரிட்ஜ் பிளக்கையும் கழட்டி வச்சிருக்காங்கடா. உள்ள ஒரு தண்ணி பாட்டில்கூட இல்ல. கேஸ் குழாய்க்கும் சுவத்துக்கும் நடுவுல சிலந்தி வலை கட்டியிருக்கு. அந்த அடுப்பு கடைசியா எப்ப எரிஞ்சது, சொல்லு பார்ப்போம்?"

வாளி காகிதத்தை வாங்கித் தானே ஒரு தடவை படித்தான்.

அவன் அம்மா முப்பத்தொரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். வீட்டுக்கு வந்தாலும் காதில் ரிசீவர்தான். ஒரு பக்கம் பேச்சு, ஒரு பக்கம் அடுப்பில் பால். அது பொங்கும், வழியும், அடிபிடிக்கும். அந்த வீட்டில் கரி பிடிக்காத பாத்திரம் கிடையாது. "எங்க வீட்டுல பொறந்தவன் தீயணைப்புக்குப் போகாம வேற எங்க போவான்" என்று அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டு அடுப்பு பளபளவென்று இருக்கிறது. தீப்பிடிக்க எதுவுமே இல்லாத வீட்டைப் பார்த்து, தீயணைப்புக்காரன் பாராட்டி எழுதிவிட்டு வந்திருக்கிறான்.

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகாதேன்னு ஏன் வச்சிருக்காங்க தெரியுமா?" என்றாள் ஏணி. குரலில் கடுமை இல்லை. "சலுகை காட்டுவோம்னு இல்ல. பழகின கண்ணுல எதுவும் படாதுன்னு."

"அட்டைல என்ன சொன்னாங்க?"

"நாலு கேள்விக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பதில் சொன்னாங்க. அஞ்சாவதுக்குப் பேச்சை மாத்திட்டாங்க."

அட்டையின் ஐந்தாவது கேள்வி அவனுக்கு மனப்பாடம். காலையில் கண் விழித்ததும், 'இன்னும் ஒரு நாளா' என்று தோன்றுகிறதா?

"மருத்துவமனைக்குச் சொல்லட்டுமான்னு கேட்டேன். எனக்கென்ன கேடுன்னுட்டாங்க. அவங்க வாயால சரின்னு சொல்லாம நான் எதுவும் செய்ய முடியாது. இன்னிக்கு மூணு மணிக்கு டாக்டர்கிட்ட ஒரு இடம் காலியா இருக்கு, பிடிச்சு வச்சிருக்கேன். இதை விட்டா ஆறு வாரம் ஆகும்."

"மூணு மணிக்குள்ள சரின்னு சொல்ல வச்சுடறேன்."

"வைக்காத. கேளு," என்றாள் ஏணி. "மத்தியானம் அந்தத் தெருவுலதான் எனக்கு வேலை. கீழே வண்டியில இருப்பேன்."

*

வாளிக்கு ஒரு அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிய வைத்தவள். அந்தப் பெருமையும் கொஞ்சம் உண்டு. வாளி போனபோது ஒரு சட்டத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திருப்புளியை நங்கென்று மேஜையில் வைத்தாள்.

"அம்மாவுக்குப் பைத்தியம்னு சொல்ல வந்தியா?"

"அப்படி யாரு சொன்னா?"

"மனநல மருத்துவமனைன்னா வேற என்னடா அர்த்தம்? அம்மாவோட ஞாபகம் கத்தி மாதிரி. இருபது வருஷத்துக்கு முந்தி இருந்த போன் நம்பர்கூடச் சொல்லுவாங்க."

"ஞாபகத்தைப் பத்தி நான் பேசவே இல்லக்கா. மனசைப் பத்திப் பேசறேன்."

"வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் சோர்வு இருக்கும். நான் தினமும் போன் பண்றேன். நீ மாசத்துக்கு ரெண்டு தடவை எட்டிப் பார்க்கறவன். குரல்ல ஒரு சுணக்கம் இல்ல, தெரியுமா? மணி மாதிரிப் பேசறாங்க."

வாளி போனை எடுத்து அவள் கையில் கொடுத்தான். பிறகு, "இப்ப பண்ணு. எனக்கும் கேக்கற மாதிரி வை," என்றான்.

இரண்டாவது மணியில் அம்மா எடுத்தாள். "சொல்லும்மா!" என்ன தெளிவு, என்ன இனிமை! சாப்பிட்டாயிற்றாம். நன்றாகத் தூங்கினாளாம். எல்லாம் சௌகரியமாம். அக்கா தம்பியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். கேட்டுக்கோ என்ற மாதிரி.

வாளி ஒரு சீட்டில் எழுதி அவள் பக்கம் தள்ளினான். *முடியை ஒட்ட வெட்டிட்டேன்னு சொல்லு.*

அக்கா முறைத்தாள். அவளுடைய முடி விஷயம் அந்த வீட்டில் ஒரு தனிக் காண்டம். நாலு விரல் நீளம் குறைத்ததற்கு ஒரு வாரம் திட்டு வாங்கியவள். கல்யாணத்தன்றுகூட அதைச் சொல்லித் திட்டு வாங்கியவள். ஆனாலும் சொன்னாள்.

"அம்மா, நான் முடியை வெட்டிட்டேன். காது தெரியற மாதிரி."

"அப்படியா? நல்லதும்மா. உனக்கு நல்லா இருக்கும்."

"ரொம்பக் குட்டையாம்மா. ஆம்பளைப் பிள்ளை மாதிரி."

"சௌகரியமா இருக்கும்மா. வேற ஏதாவது உண்டா? வச்சுடட்டுமா?"

போன் வைக்கப்பட்டது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அது அம்மா குரல் இல்லடா," என்றாள் மெதுவாக. "அது ஆபீஸ் குரல். யார் கூப்பிட்டாலும் அப்படித்தான் பேசுவாங்க. சின்ன வயசுல அங்க போய் உட்கார்ந்து கேட்டிருக்கேன். எனக்குத் தெரியாம போச்சே."

"எனக்கும்தான் தெரியல."

அக்கா எழுந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை, கடைச் சாவியைத்தான் தேடினாள். "கிளம்பு. மணி என்ன?"

*

அம்மா இருப்பது மூன்றாவது மாடி. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒன்றாக வந்து நின்றதைப் பார்த்ததும், "என்ன, ஜோடியா? யாராவது போயிட்டாங்களா?" என்றாள். தலை வாரியிருந்தது. உடை சலவை கலையாமல் இருந்தது. உள்ளே போய் ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கை. பக்கத்தில் பத்துப் பதினைந்து செய்தித்தாள்கள், பிரிக்காமல்.

அக்கா பிரிக்காத மடிப்புகளைத் தடவிப் பார்த்தாள்.

"டீ போடறேன்," என்று வாளி சமையலறைக்குப் போனான். பால் வாங்கி வந்திருந்தான். சிலந்தி வலையைத் துடைத்துவிட்டுக் கேஸைத் திறந்தான். அடுப்புத் திருகு இறுகிப் போயிருந்தது. ஒரு வழியாகப் பற்றிக்கொண்டது. பாலை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தான்.

"அம்மா, மூணு மணிக்கு ஒரு டாக்டரைப் பார்க்கப் போகலாமா?"

"நேத்து வந்த பொண்ணு சொன்னாளா? நல்ல பொண்ணு. நெடுநெடுன்னு இருக்கா. எனக்கு ஒண்ணும் இல்லப்பா."

"சாப்பாட்டுக்கு என்னம்மா பண்றே?" என்று கேட்டாள் அக்கா.

"பிஸ்கட் இருக்கே."

"பிஸ்கட் சாப்பாடாம்மா?"

"அக்கா, கத்தாதே."

"நான் எங்கடா கத்தறேன்? ஒரு வருஷமா நீ பச்சைச் சீட்டு ஒட்டிட்டுப் பேசாம இருந்தியே, அதைச் சொல்லு!"

"நீ மட்டும் என்ன? தினமும் போன்ல..."

அவ்வளவுதான். அக்காவும் தம்பியும் பிடித்துக்கொண்டார்கள். யார் எத்தனை தடவை வந்தார்கள், யார் வராமல் இருந்தார்கள், எந்த வருஷம் யார் என்ன சொன்னார்கள். அம்மாவின் கண் ஒரு தடவை கூரைக்குப் போய் வந்தது. அலாரத்தைப் பார்க்கிறாள் என்று வாளி நினைத்தான்.

பால் பொங்கி, வழிந்து, அடிபிடித்ததை யாரும் பார்க்கவில்லை.

அலாரம் அலறியது. காதைக் கிழிக்கும் சத்தம். சமையலறை வாசல் வரை வெள்ளைப் புகை. வாளி பாய்ந்துபோய் அடுப்பை அணைத்தான், ஈரத்துணியைப் பாத்திரத்தின் மேல் போட்டான், ஜன்னலைத் திறந்தான். அக்கா இருமிக்கொண்டே வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால், அம்மா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

மடியில் வைத்த கை மடியில். முகத்தில் பயமும் இல்லை, எரிச்சலும் இல்லை. அலாரம் அலறிக்கொண்டே இருக்கிறது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

வாளி ஒரு முக்காலியில் ஏறி அலாரத்தின் பொத்தானை அழுத்தினான். சத்தம் நின்றது.

"அம்மா, அலாரம் அடிச்சதே, ஏன் எழுந்திருக்கல?"

அம்மா யோசித்தாள். நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னாள்.

"எதுக்கு எழுந்திருக்கணும்னு தோணிச்சுப்பா."

அது ஆபீஸ் குரல் இல்லை, கண்ணுகளா. ரொம்ப நாள் கழித்து அந்த வீட்டில் கேட்ட அவளுடைய சொந்தக் குரல் அதுதான்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஏணி, இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து, வாசலில் மூச்சு வாங்க நின்றாள். அலாரம் தெரு வரை கேட்டிருக்கிறது.

"பால்தான்," என்றான் வாளி.

ஏணி புகையைப் பார்த்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். கடைசியில் நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தாள், அங்கேயே கண்ணை நிறுத்தினாள்.

வாளிக்கு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அந்த ஐந்தாவது கேள்வியைத் தானே கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் போன வருஷம் இதே கூடத்தில், எனக்குத் தெரியாதா என்று நின்றவன் அவன்தானே.

"நான் கேக்கக் கூடாது," என்றான். "நீ கேளு. அக்கா, வா. நாம வெளியில இருப்போம்."

"நான் எதுக்குடா வெளியில? என் அம்மா!"

"அதுக்குத்தான். வா."

*

இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. முதலில் ஏணியின் குரல், சின்னதாக. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை.

"பேசலடா."

"பொறு."

"மணி ரெண்டேகால்."

"பொறுக்கா."

அப்புறம் அம்மாவின் குரல். தடுக்கித் தடுக்கி, கரகரத்து, நடுவில் நின்று, மறுபடி தொடங்கி. முப்பத்தொரு வருஷம் மணியாய்ப் பேசின குரல், திக்கித் திணறிக்கொண்டு வந்தது. அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போக ரோடு தாண்டும்போது பிடித்த மாதிரி, வலிக்க வலிக்க.

கதவு திறந்தது. அம்மா கைப்பையோடு நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. பின்னால் ஏணி, கையில் அட்டை. அதன் அடியில், சரி என்று அம்மாவின் கையெழுத்து.

"உள்ள சொன்னது எனக்கும் இந்தப் பொண்ணுக்கும்," என்றாள் அம்மா. "பிள்ளைங்ககிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லிடலாம். டியூட்டில இருக்கறவங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது. நானும் டியூட்டி பார்த்தவதான்."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மூணு மணிதானே? நட."

இரண்டு படி இறங்கியவள் நின்றாள். அக்காவின் தலையை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏண்டி, முடியை வெட்டிட்டேன்னு சொன்னே?"

"இல்லம்மா, அது வந்து..."

"அப்படியே இருக்கு! பெத்தவகிட்டயே பொய்யா? அதுவும் போன்ல!"

முன்னே இருந்த வேகத்தில் கால் பங்குகூட அந்தத் திட்டில் இல்லை. பாதியிலேயே மூச்சு வாங்கியது. ஆனால் அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் நின்றாள்.

அம்மா இறங்கவில்லை. தலையை நிமிர்த்தி மாடிப் பக்கம் பார்த்தாள்.

"வாளி, மேல் வீட்டுல ஒருத்தர் இருக்கார். தனி ஆளு. காலைல ஆறு மணி அடிச்சா நாற்காலியை ஜன்னல்கிட்ட இழுத்துப் போடுவார். என் தலைக்கு மேல சத்தம் கேக்கும். ரெண்டு மாசமா அது பத்து மணி ஆச்சு, பன்னெண்டு ஆச்சு. நேத்து சாயங்காலம்தான் கேட்டுது. இன்னிக்கு இன்னும் கேக்கல." கைப்பையின் வாரை முறுக்கினாள். "காதை வச்சுப் பிழைச்சவ நான். முதல் நாளே எனக்குப் புரிஞ்சுது. போய்த் தட்டலாம்னா எழுந்திருக்கத்தான் முடியல."

பிள்ளைகள் சண்டை போட்டபோது அவள் கண் கூரைக்குப் போனது அலாரத்துக்காக இல்லை, அந்த மேல் வீட்டுக்காக.

வாளி அம்மாவையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தான். மணி இரண்டரை.

"என்னை என்ன பார்க்கறே?" என்றாள் அம்மா. "எனக்குத்தான் இவ இருக்காளே, பொய்க்காரி. இவ கூட்டிட்டுப் போவா. நீ மேல போ. அங்க உனக்குச் சொந்தக்காரர் யாரும் இல்ல."

அம்மா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவர்கள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மறையும் வரை வாளி பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஏணியோடு மேலே ஏறினான்.

"இந்தத் தடவை நீ மேல பாரு," என்றான். "நான் கீழ பார்க்கறேன்."

கதவைத் தட்டினான். "ஐயா, தீயணைப்பு நிலையத்துலேர்ந்து வர்றோம். பயப்பட ஒண்ணும் இல்ல. உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

பதில் இல்லை. மறுபடி தட்டினான். அப்புறமும் தட்டினான். அவசரப்படவில்லை, விடவும் இல்லை.

உள்ளே, ரொம்பத் தூரத்தில் கேட்பது போல, ஒரு நாற்காலி தரையில் உராய்ந்து நகர்ந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி கொஞ்சம் நகர்ந்தது.

தாழ்ப்பாள் இன்னும் விலகவில்லை. வாளி கதவின் மேல் கையை வைத்தபடி நின்றான்.

"நாங்க இங்கயேதான் நிக்கறோம் ஐயா. மெதுவா வாங்க."

அவன் அங்கேயே நிற்கட்டும். நீங்களும் நானும் எழுந்திருப்போம், அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்திருப்பீர்கள். அது கொஞ்சம் அடிபிடித்தால் பிடிக்கட்டும், அதற்காக உங்களைத் திட்ட வீட்டில் ஒரு வாய் இருக்கட்டும். உங்கள் தலைக்கு மேலே நாற்காலி இழுபடும் சத்தம் ஒரு நாள் கேட்காமல் போனால், எழுந்துபோய்த் தட்டுகிற தெம்பு உங்கள் கால்களுக்கு இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கதவையும் யாராவது விடாமல் தட்டட்டும். பிள்ளை குட்டிகளோடு நல்லா இருங்க, என் கண்ணுகளா.